மருந்துக்கடைக்காரரின் மகனும் மிட்டாய்க்காரப் பெண்மணியும்

அலுவலகத்தில் ஒரு காப்பி இடைவேளையின்போது நான் சொன்ன ஒரு வாக்கியம் கடந்த ஓராண்டாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில். அங்கிருந்து வெட்டெர்ன் ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போனால் கிரென்னா என்ற சிற்றூர் வருகிறது. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். செங்குத்தான ஒரு மலைக்கும் கடல்போல் விரிந்த ஏரிக்கும் இடையே மரவீடுகள் நிற்கும் ஒரே ஒரு பெரிய தெருவும், அதிலிருந்து நீரை நோக்கி இறங்கும் சந்துகளும்தான் ஊர். சொந்த ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் அழைத்துப்போவது அங்கேதான். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்டிருக்கும் பெப்பர்மின்ட் மிட்டாயை வாங்கிக் கொடுப்பேன், வட துருவத்துக்குப் பலூனில் போக முயன்று மடிந்த ஆந்த்ரேயின் அருங்காட்சியகத்தைக் காட்டுவேன், ஏரிக்கரையில் சிறிது நேரம் உட்கார வைப்பேன், திரும்பிவிடுவோம். இப்படிப் பத்து முறையாவது போயிருப்பேன். அந்தப் பழக்கம் தந்த துணிச்சலில்தான் அன்று அப்படிப் பேசினேன்.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கிரென்னாவில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம், "தன் பிடிவாதத்தால் இரண்டு இளைஞர்களையும் சேர்த்துச் சாகக் கொடுத்த ஒருவருக்கு உங்கள் ஊர் ஓர் அருங்காட்சியகத்தையே கொடுத்திருக்கிறது, இன்றுவரை ஊருக்குச் சோறு போடுகிற மிட்டாய்க்காரப் பெண்ணுக்கு ஒரு சிலையோடு முடித்துக்கொண்டது. இது எனக்கு விளங்கவில்லை" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவன் எங்கள் ஊர்ப் பையன்" என்று மட்டும் சொன்னார். நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இறந்த ஒரு பொறியாளரைப் பையன் என்று சொல்கிறாரே என்று அப்போது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. அந்தச் சொல்லில் என் கேள்விக்கான விடை இருக்கக்கூடும் என்ற எண்ணம் பல மாதங்களுக்குப் பிறகே வந்தது.

பிரபு வரைந்த தெரு

ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை இப்போது ஊருக்குள் வருவதில்லை, மலைமேல் ஓடுகிறது. அங்கே பிராஹேஹுஸ் என்ற பாழடைந்த மாளிகையின் அருகே வண்டிகளை நிறுத்தி இளைப்பாறலாம். கூரையில்லாத சுவர்களும் கண்ணாடியில்லாத சன்னல்களுமாக நிற்கும் அந்த மாளிகையின் எந்தத் திறப்பு வழியாகப் பார்த்தாலும் கீழே ஏரி தெரியும், ஏரி நடுவே பதினான்கு கிலோமீட்டர் நீளத்துக்குப் படகுபோல் கிடக்கும் விசிங்சோ தீவு தெரியும். படம் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடுகிறவர்கள் ஏராளம். கிரென்னாவைத் தோற்றுவித்த பேர் பிராஹே என்ற பிரபு தன் மனைவி கிறிஸ்டினா ஸ்டென்பாக்குக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை அது. கட்டி முடியும் முன்பே, 1650ஆம் ஆண்டில், அந்த அம்மையார் இறந்துவிட்டார். பிரபு அதை விருந்தினர் மாளிகையாக வைத்துக்கொண்டார். 1708இல் பக்கத்துக் கிராமத்தில் பற்றிய தீ மேலேறி வந்து மாளிகையை எரித்தது. அதன்பின் அதை யாரும் எடுத்துக் கட்டவில்லை.

பேர் பிராஹே சாதாரணப் பண்ணையார் அல்லர். ஸ்வீடனின் முதல் பிரபுக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. அவருடைய பாட்டனாருக்கு 1560களில் எரிக் மன்னர் கொடுத்த விசிங்ஸ்போரி என்ற ஆட்சிப்பகுதி, நாட்டுக்குள் ஒரு சிறு நாடு போலவே இருந்தது. பேரன் இரண்டு முறை பின்லாந்தின் தலைமை ஆளுநராக இருந்து அங்கே 1640இல் முதல் பல்கலைக்கழகத்தையும் பல நகரங்களையும் நிறுவினார். ஒரு காரியம் சரியான வேளையில் நடந்தால் பின்னிஷ் மொழியில் இன்றும் அதைப் 'பிரபுவின் காலத்தில்' என்பார்கள். அந்தப் பிரபு இவர்தான். அவ்வளவு ஊர்களை உண்டாக்கியவர் தம் சொந்த நிலத்தில் ஓர் ஊர் இல்லாமல் விடுவாரா? வணிகம் நகரங்களில்தான் நடக்க வேண்டும் என்று அரசு வற்புறுத்திய காலம் அது. தம் பகுதியின் விளைச்சலை விற்கவும் கைவினைஞர்களைக் குடியேற்றவும் ஒரு நகரம் அவருக்குத் தேவைப்பட்டது. 1652இல், தீவிலிருந்த தம் கோட்டைக்கு எதிர்க்கரையில், மலையடிவாரத்தில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் கிரென்னாவை நிறுவினார். அதற்குத் தம் பெயரையும் சேர்த்துப் பிராஹே-கிரென்னா என்று பெயர் வைத்தார். ஏரிக்கு இணையாக ஓடும் அகன்ற பெருந்தெரு அவர் காலத்துத் திட்டம்தான். அதன் பெயர் இன்றும் பிராஹே தெரு. கிரென்னாவின் பேரிக்காய் மரங்களைக்கூட வீட்டுக்கு வீடு நட வைத்தவர் அவர்தான் என்று ஊரார் சொல்வார்கள்.

அவர் 1680இல் இறந்தார். அதே ஆண்டில்தான் பிரபுக்களின் நிலங்களை முடியாட்சி திரும்ப எடுத்துக்கொள்ளும் முடிவும் வந்தது. விசிங்ஸ்போரி மன்னர் கைக்குப் போனது. தீவிலிருந்த கோட்டையில் பின்னர் ரஷ்யப் போர்க்கைதிகளை அடைத்தார்கள். 1718இல் அதுவும் எரிந்தது. மலைமேல் கட்டிய கல் எரிந்தது, தீவில் கட்டிய கல் எரிந்தது. எளிதில் தீப்பற்றக்கூடிய மரவீடுகளுக்காகப் போட்ட தெரு மட்டும் அவர் போட்ட இடத்திலேயே இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அதே தீவில் 1831 முதல் கடற்படையின் போர்க்கப்பல்களுக்கென்று மூன்று லட்சம் ஓக் மரங்களை நட்டார்கள். மரங்கள் முற்றி வெட்டுக்குத் தயாரானபோது உலகத்தில் மரப் போர்க்கப்பல் என்பதே இல்லை. அந்த ஓக்குகள் இன்று நெடிது நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் நடுவே நடப்பதற்காகவே படகேறித் தீவுக்குப் போகலாம். பெரிய திட்டங்கள் திசைமாறிப் போவதையும், அவற்றின் ஓரத்தில் ஏதோ ஒன்று எஞ்சி நிற்பதையும் இந்த ஊர் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறது.

பிரபு போன பிறகு ஊர் பெரிதாக வளரவில்லை. ரயில் பாதை இந்த மலைக்கும் ஏரிக்கும் நடுவே நுழையாமல் உள்நாட்டு வழியில் போய்விட்டது. வெட்டெர்ன் ஏரியின் நீராவிப் படகுகளும், பின்னர் ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே போன பழைய பெருவழியும்தான் வெளியாட்களைக் கொண்டுவந்தன. 1971இல் நகராட்சி என்ற தகுதியையும் இழந்து யோன்ஷோப்பிங்கோடு இணைந்தது.

பறந்துபோனவர்

சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே 1854 அக்டோபரில் கிரென்னாவில் பிறந்தார். தந்தை ஊரின் மருந்துக்கடைக்காரர். ஆந்த்ரே பதின்ம வயதிலேயே தந்தையை இழந்தார், ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்தார், 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்க்கப் போய் அங்கே ஸ்வீடன் அரங்கில் துப்புரவு வேலை செய்தார். பலூன் பறப்பவர் ஒருவரை அங்கே சந்தித்ததில் தொடங்கிய ஆசை அவரை விடவே இல்லை. காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே, 1895இல் ஹைட்ரஜன் பலூனில் துருவத்தைக் கடக்கும் திட்டத்தை முன்வைத்தார். மன்னர் ஆஸ்கரும் ஆல்ஃபிரட் நோபலும் பணம் கொடுத்தார்கள். பனிமேல் இழுபட்டுக்கொண்டே வரும் கனத்த கயிறுகளும் காற்றுப்பாய்களும் இருந்தால் பலூனைத் திசைதிருப்பலாம் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் துருவக் காற்றில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை.

நான் அலுவலகத்தில் பொரிந்து தள்ளியதற்குக் காரணம் 1896ஆம் ஆண்டுதான். அந்தக் கோடையில் காற்று சாதகமாக வீசாததால் பயணம் நின்றுபோனது. குழுவில் இருந்த வானிலையாளர் நில்ஸ் எக்ஹோல்ம் பலூனின் தையல்கள் வழியாக வாயு கசிவதை அளந்து பார்த்து, இது முப்பது நாட்கள் பறக்காது என்று எச்சரித்தார். ஆந்த்ரே பிறர் அறியாமல் ஹைட்ரஜனை நிரப்ப வைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு எக்ஹோல்முக்குத் தெரிந்தது. அவர் விலகிக்கொண்டார். அவர் இடத்துக்கு இருபத்தேழு வயது க்னூட் ஃபிரங்கெல் வந்தார். இருபத்து நான்கு வயது நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க் தொடர்ந்தார். ஆனா ஷார்லியே என்ற பெண்ணோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தெரிந்தே அவர்களை ஏற்றிக்கொண்டார் ஆந்த்ரே என்பதுதான் என் குற்றச்சாட்டு. இன்றும் அதை முழுமையாக நான் திரும்பப் பெறவில்லை. நாடே எதிர்பார்த்து நிற்கும்போது, மன்னரிடமும் நோபலிடமும் பணம் வாங்கிய பிறகு, முடியாது என்று சொல்லும் துணிவு பறக்கும் துணிவைவிடப் பெரியது. அது அவரிடம் இல்லை.

1897 ஜூலை 11 அன்று வட துருவக் கடலில் உள்ள ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் ஒரு தீவிலிருந்து பலூன் எழும்பியது. எழும்பிய சில நிமிடங்களிலேயே இழுவைக் கயிறுகளின் பெரும்பகுதி திருகு கழன்று கரையிலேயே விழுந்துவிட்டது. பலூனைத் திசைதிருப்பும் வழி அங்கேயே போய்விட்டது. பாரம் குறைந்த பலூன் மிக உயரே போய் வாயுவை இழந்தது, பிறகு பனிமேல் முட்டி முட்டிப் போனது, ஜூலை 14 அன்று பனிப்பரப்பில் ஓய்ந்தது. மூவரும் சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு, கரடிகளைச் சுட்டுத் தின்றுகொண்டு, மிதக்கும் பனிமேல் ஏறக்குறைய மூன்று மாதம் அலைந்தார்கள். அக்டோபரில் க்விட்டோயா என்ற வெறும் பனித்தீவை அடைந்து அங்கே இறந்தார்கள். நிலத்தில் இருந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஒரு புறா கொண்டுவந்த சிறு கடிதத்தையும் கடலில் மிதந்துவந்த மிதவைகளையும் தவிர, முப்பத்து மூன்று ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லை. 1930 ஆகஸ்ட் 6 அன்று, பனி வழக்கத்துக்கு மாறாக விலகியிருந்த கோடையில், ஒரு நார்வேக் கப்பலில் வந்தவர்கள் அந்த முகாமைக் கண்டார்கள். அங்கே கிடைத்த புகைப்படச் சுருள்களிலிருந்து ஸ்டாக்ஹோமில் 93 படங்களை மீட்டெடுத்தார்கள். சாய்ந்து கிடக்கும் பலூனின் அருகே இரண்டு ஆண்கள் கையைத் தொங்கவிட்டபடி நிற்கும் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதை எடுத்தவர் ஸ்ட்ரிண்ட்பெர்க். 1897இல் அவர்களை வடக்கே கொண்டுபோய் விட்ட ஸ்வென்ஸ்க்சுண்ட் என்ற அதே கப்பல்தான் 1930இல் அவர்களுடைய எச்சங்களை ஸ்வீடனுக்குக் கொண்டுவந்தது.

1859 ஜனவரி 10

மிட்டாய்க்காரப் பெண்மணியான அமாலியா எரிக்சன் கிரென்னாக்காரர் அல்லர். 1824இல் யோன்ஷோப்பிங்கில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதானபோது, 1834இல், காலரா அந்த நகரைத் தாக்கியது. தாய், தந்தை, உடன்பிறந்தோர் எல்லாரையும் அதற்குப் பறிகொடுத்தார். பிறர் வீடுகளில் பணிப்பெண்ணாக வளர்ந்து, 1855இல் வேலை தேடிக் கிரென்னாவுக்கு வந்தார். 1857இன் கடைசியில் ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற தையற்காரரை மணந்தார். மறு ஆண்டு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று பிறக்கும்போதே இறந்திருந்தது. இடா என்ற பெண்குழந்தை பிழைத்தது. ஒரு வாரத்துக்குள் கணவர் சீதபேதியால் இறந்தார். ஒரு திருமண ஆண்டு முடிவதற்குள் இத்தனையும் நடந்தன. முப்பத்து நான்கு வயது, கையில் குழந்தை, உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாத ஊர்.

அவர் நகர மன்றத்திடம் விண்ணப்பித்து, நயமான ரொட்டி வகைகளும் போல்காகிரீஸ் என்ற அந்தச் சிவப்பு வெள்ளை மிட்டாயும் செய்து விற்கும் உரிமத்தை 1859 ஜனவரி 10 அன்று பெற்றார். பார்த்தால் சாதாரணக் காகிதம். ஆனால் சில ஆண்டுகள் முன்பு வரை அது நடந்திருக்க முடியாது. தொழில் செய்யும் உரிமை நூற்றாண்டுகளாகக் கைவினைச் சங்கங்களின் கையில் இருந்தது. அவற்றை ஸ்வீடன் 1846இல்தான் கலைத்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் திருமணமாகாத பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் தொழில் செய்ய வழி திறந்தது. கணவன் உயிரோடு இருக்கும் பெண் சட்டத்தின் கண்ணில் அவன் காப்பில் இருப்பவள். தன் பெயரில் கையெழுத்துப் போட முடியாது. ஆண்டர்ஸ் எரிக்சன் பிழைத்திருந்தால் அந்த உரிமத்தில் அமாலியாவின் பெயர் வந்திருக்காது. இந்தக் கசப்பை யாரும் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்வதில்லை. நானும் விருந்தினர்களிடம் சொன்னதில்லை.

அவர்தான் இந்த மிட்டாயைக் கண்டுபிடித்தார் என்றே நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். கடைகளிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் உரிமத்தைப் பற்றி மறுபடி யோசித்தபோது ஒன்று உறைத்தது. மிட்டாயின் பெயர் உரிமம் தரும்போதே பேச்சில் இருக்கிறது. புதிதாக ஒருவர் உருவாக்கிய பண்டமானால் அதன் பெயர் மன்றத்தாருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? போல்கா நடனம் 1840களில் நாடெங்கும் பரவிய மோகம். இரண்டு நிறங்கள் சுழன்று ஆடும் மிட்டாய்க்கு அந்தப் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே கண்டுபிடிப்பாளர் என்ற பட்டம் அமாலியாவுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். இதனால் அவர் எனக்குச் சிறியவராகிவிடவில்லை. தெரிந்த பண்டத்தைத் தமதாக்கிக்கொண்டு, செய்முறையைச் சாகும்வரை யாருக்கும் வெளியிடாமல், நாள் தவறாமல் செய்தார். 1923இல் தொண்ணூற்றொன்பது வயதில் இறந்தார். உரிமம் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் அறுபத்து நான்கு ஆண்டுகள். ஸ்வீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த 1921இல் அவருக்கு வயது தொண்ணூற்றேழு. அவருக்குப் பின் தொழில் பலர் கைக்குப் பரவியது. பழைய பெருவழியில் கார்கள் பெருகிய காலத்தில் கிரென்னா என்றால் மிட்டாய் என்றானது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பையும் கொடுத்தது.

நவம்பரில் ஒரு நாள்

சென்ற நவம்பரில் நான் தனியாகக் கிரென்னாவுக்குப் போனேன். விருந்தினர் யாருமில்லை, வெயிலும் இல்லை. பிற்பகல் மூன்றரைக்கே இருட்டத் தொடங்கியது. கோடையில் நடக்க இடமில்லாத பிராஹே தெருவில் நாய்க்குட்டியோடு ஒரு முதியவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். அருங்காட்சியகத்தில் எனக்குமுன் நான்கைந்து பேர். பத்து முறை பார்த்த பொருட்களை முதன்முறையாக அவசரமில்லாமல் பார்த்தேன். பனியில் இழுத்த வண்டி, நைந்த துணிகள், கருவிகள். வீரத்தைக் காட்டும் பொருட்களாகத்தான் இதுவரை அவற்றை எண்ணியிருந்தேன். அதனால்தான் எனக்குக் கோபம். அன்றைக்குப் பார்க்கும்போது, வெளியூரில் இறந்த ஒரு பிள்ளையின் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்களே, அப்படித் தோன்றியது.

அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து நடந்தபோதுதான் என் மனத்துக்குள் இரண்டு தனிக் கதைகளாக இருந்தவற்றின் ஆண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. அமாலியா கிரென்னாவுக்கு வந்த 1855இல் மருந்துக்கடைக்காரரின் மகன் கைக்குழந்தை. அவர் உரிமம் பெற்ற நாளில் அந்தப் பையனுக்கு வயது நான்கு. ஒரே பெருந்தெருவே ஊராக இருக்கும் இடத்தில், புதிதாக ஒருவர் மிட்டாய் விற்கத் தொடங்கினால் நான்கு வயதுப் பையனுக்குத் தெரியாமலா இருக்கும்? சர்க்கரை மலிவான பண்டமாக இல்லாத காலத்தில், மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு அதை வாங்க வசதி இருந்திருக்கும். இன்னொன்றும் தோன்றியது. மிட்டாய்க்கு வேண்டியவை சர்க்கரை, தண்ணீர், சிறிது வினிகர், பெப்பர்மின்ட் எண்ணெய். பெப்பர்மின்ட் எண்ணெய் அந்தக் காலத்தில் மருந்து. அது கிடைக்கும் இடம் மருந்துக்கடை. ஆகவே அமாலியா அந்தக் கடையின் படியேறிச் சிறு குப்பியில் எண்ணெய் வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் கிரென்னாவின் பெருந்தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு இது மிகையான ஊகமாகத் தோன்றாது.

அந்தப் பையன் 1897இல் பறந்துபோனபோது அமாலியாவுக்கு வயது எழுபத்து மூன்று. மகன் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே வசந்தத்தில், ஆந்த்ரேயின் தாய் காலமாகியிருந்தார். அவரும் நீண்ட காலம் கணவனை இழந்து வாழ்ந்தவர். ஊர் காத்திருந்தது. அன்றைய செய்தித்தாள்களில் ஆந்த்ரேயைப் பற்றிய வதந்திகள் சைபீரியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. ஓராண்டு, ஐந்தாண்டு, இருபதாண்டு. இந்தக் காலமெல்லாம் அமாலியா உயிரோடு அந்த ஊரில்தான் இருந்தார். அவர் இறந்தது 1923 ஜூலையில். முகாம் கண்டுபிடிக்கப்பட்டது 1930 ஆகஸ்டில். ஏழு ஆண்டு இடைவெளி. கைக்குழந்தையாகத் தாம் பார்த்திருக்கக்கூடிய அந்தத் தெருப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே தொண்ணூற்றொன்பது வயதில் அவர் கண்மூடினார்.

இதை எண்ணிக்கொண்டு தெருவோரத்தில் நின்றபோது, "அவன் எங்கள் ஊர்ப் பையன்" என்ற வார்த்தை எனக்குப் புதிதாகக் கேட்டது. என் சக ஊழியர் ஆந்த்ரேயின் செயலுக்கு நியாயம் சொல்லவில்லை. கசிந்த தையல்களைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர். எந்தக் குழந்தையைப் பற்றியும் ஊர் அப்படித்தான் சொல்லும். புத்தி கெட்டுப் போனவனானாலும், பிறர் பிள்ளைகளை அழைத்துப்போய் அழித்தவனானாலும், தெருவில் ஓடி விளையாடியவன் திரும்பி வரவில்லை என்றால் அவனுடைய பொருட்களை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நான் அருங்காட்சியகத்தைப் பரிசாகவும் சிலையை அதைவிடச் சிறிய பரிசாகவும் எண்ணித் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தேன். அமாலியாவின் பொருட்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய தேவை இந்த ஊருக்கு எழவே இல்லை. அவர் செய்தது ஒவ்வொரு கடையிலும் சூடாக மேசைமேல் கிடக்கிறது.

நானும் ஊரைவிட்டுப் போனவன். 1850க்கும் 1930க்கும் இடையில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கிரென்னா இருக்கும் ஸ்மோலாந்து மாகாணம் அவர்களில் பெரும் பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்களுடைய பெட்டிகள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கிரென்னாவை நான் இவ்வளவு காலம் சுற்றிச் சுற்றி வருவதற்கும், ஆந்த்ரேயின்மேல் அவ்வளவு கோபப்பட்டதற்கும் இதில் ஏதோ தொடர்பு இருக்கிறது. போனவர்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பது எனக்கு ஒருபோதும் பொதுக் கேள்வியாக இருந்ததில்லை.

குளிர் தாங்காமல், திறந்திருந்த ஒரே ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஓர் இளம்பெண் வெள்ளைப் பாகை இரும்புக் கொக்கியில் போட்டு இழுத்து மடித்து, மீண்டும் இழுத்துக்கொண்டிருந்தார். ஜவ்வு மிட்டாய்க்காரர் இழுப்பது போலத்தான். காற்று உள்ளே நுழைய நுழையக் கண்ணாடி நிறத்துப் பாகு பால் வெள்ளையானது. அதன்மேல் சிவப்புப் பட்டைகளைப் பதித்து, மேசையில் உருட்டி, இரு கைகளையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்தி முறுக்கினார். கோடைக் கூட்டத்தின் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தபோது நான் ஒருபோதும் கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தேன். முறுக்குவதை அவர் நிறுத்தவே இல்லை. பாகு ஆறி இறுகும்வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்; நிறுத்தினால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும் என்றார். கத்தரித்த ஓரத்திலிருந்து ஒரு துண்டை, இன்னும் சூடாகவும் மெதுவாகவும் இருந்ததை, என்னிடம் நீட்டினார். நான்கு குச்சிகள் வாங்கிக்கொண்டு பேருந்துக்கு வந்தேன்.

மறுநாள் காப்பி இடைவேளையில் அவற்றை மேசைமேல் வைத்தேன். சக ஊழியர் ஒரு குச்சியை எடுத்து உறையைப் பிரித்து, மேசை விளிம்பில் தட்டி உடைத்துப் பாதியை எனக்குத் தந்தார். நான் சொல்ல நினைத்திருந்த மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், "நவம்பரிலா போனாய்? ஏரி எப்படி இருந்தது?" என்று கேட்டார். அலை பெரிதாக இருந்தது, தீவு தெரியவில்லை என்றேன். நவம்பரில் தெரியாது என்று தலையசைத்தார். பிறகு, சிறுமியாக இருந்தபோது தன் வீட்டுச் சன்னலிலிருந்து தீவின் விளக்குகளை எண்ணிவிட்டுத்தான் தூங்கப் போவாராம், அதைப் பற்றி இடைவேளை முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.